‘ஃபேர்’ என்பதற்குத் தமிழில் எது: நியாயமா, நேர்மையா, நடுநிலையா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு தேயிலை விவசாயிகளுக்காக எதை எழுத உட்கார்ந்தாலும் ‘ஃபேர்’ என்ற ஆங்கிலச் சொல் வந்து நிற்கும். ஃபேர் பிரைஸ், ஃபேர் வெயிட், ஃபேர் டிரேட். கொள்முதல் மையத்தில் ஒட்டும் அறிவிப்பு, ஆலைக்குப் போகும் கடிதம், கூட்டத் தீர்மானம், எல்லாவற்றிலும் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். சமம், நடுநிலை, நேர்மை, நியாயம் என நான்கு இருக்கின்றன. எழுதிப் பார்த்ததில் நான் எடுத்துக்கொண்டது நியாயம்.

சமத்தை முதலிலேயே விட்டுவிடலாம். தேயிலை வாரியத்தின் விலைப் பங்கீட்டு முறையில், தூள் விற்ற மதிப்பில் விவசாயிக்கு 65, ஆலைக்கு 35. இது சமம் இல்லை. ஆனால் கவாத்து (செடியை வெட்டிச் சீராக்குவது), உரம், பறிகூலி என்று செலவு செய்தவருக்குப் பாதிக்குப் பாதி என்று பிரித்தால் அதுதான் ஃபேர் இல்லாமல் போகும்.

நடுநிலை பழைய சொல், மரியாதையான சொல். திருக்குறளின் 12ஆவது அதிகாரமே நடுவு நிலைமைதான். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று 118ஆம் குறள் தராசைக் காட்டுகிறது. இரண்டு தட்டுக்கும் நடுவே சாயாமல் நிற்பவருக்கு உரிய சொல் இது. பட்டினப்பாலையும், வாங்குவதை மிகையாக வாங்காமல் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமல் வணிகம் செய்தவர்களை ‘நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது. அங்கே நடுவில் நின்றது அவர்கள் நெஞ்சு. விலையை யாரும் நடுநிலை விலை என்று சொல்வதில்லை. தகராறைத் தீர்க்க உட்காரும் குழுவுக்கு இந்தச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு ஒரு பக்கம் சாய்ந்தால் சொல்வதற்கு ‘ஓரவஞ்சனை’ என்ற அருமையான சொல்லும் நம்மிடம் இருக்கிறது.

நேர்மைதான் உண்மையான போட்டியாளர். நேர் என்றால் கோணாதது. மனிதரின் நடத்தைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடையாது. நேர்மையான ஆட்டம், நேர்மையான தேர்தல் என்று செய்தித்தாள்கள் எழுதுவது சரியே, அங்கே கேள்வி நடத்தையைப் பற்றியது. எடை போடுபவர் தராசில் கை வைக்கவில்லை என்றால் அவர் நேர்மையானவர்.

அவர் நேர்மையாக இருந்தும் எடை ஃபேராக இல்லாமல் போகலாம். மழைக்காலத்து நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இலையில் ஈரம் இருக்கிறது என்று மையத்தில் எடையில் 10 சதவீதத்தைக் குறைத்துக் கழிவு பிடிக்கிறார்கள். காலை மழையில் பறித்துச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்த 50 கிலோவுக்கும் 5 கிலோ கழிவு. மதியம் வெயில் வந்த பிறகு பறித்த காய்ந்த 50 கிலோவுக்கும் அதே 5 கிலோ. தராசு சரியாக இருக்கிறது, எழுதியவர் பொய் எழுதவில்லை, யாருக்கும் சலுகை காட்டவில்லை, எல்லோருக்கும் ஒரே சதவீதம். சமம், நடுநிலை, நேர்மை மூன்றும் அங்கே இருக்கின்றன. காய்ந்த இலை கொண்டுவந்தவருக்கு நியாயம் மட்டும் கிடைக்கவில்லை. இல்லாத தண்ணீருக்கு அவர் 5 கிலோ இலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

என்னைப் பொறுத்தவரை முடிவைச் செய்தது சொல்லின் எதிர்மறைதான். புகார்க் கடிதத்தில் ‘ஃபேர்’ வருவதைவிட ‘அன்ஃபேர்’ வருவதுதான் அதிகம். ‘நேர்மையற்ற கழிவு’ என்று எழுதிப் பாருங்கள். எடை போட்டவரைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். ‘எங்கள் ஆளை எப்படி அப்படிச் சொல்லலாம்’ என்று பதில் வரும், 5 கிலோவைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுவிடும். ‘நடுநிலையற்ற கழிவு’ என்றால் வேறு யாருக்கோ குறைத்துப் பிடித்தார்கள் என்று நீங்கள் காட்ட வேண்டிவரும். ‘நியாயமற்ற கழிவு’ என்றால் மட்டுமே பேச்சு கழிவின் அளவில் நிற்கும். யாரையும் குற்றம் சொல்லாமல் எண்ணைக் கேள்வி கேட்கலாம்: ‘காய்ந்த இலைக்கு 10 சதவீதக் கழிவு நியாயமற்றது. ஈரத்தைப் பார்த்துக் கழிவு பிடிக்க வேண்டும்.’ கடிதத்தில் ‘அநியாயம்’ மட்டும் வேண்டாம். பொருள் ஒன்றேதான் என்றாலும் அதில் கோபம் ஏறியிருக்கிறது. வாய்ப்பேச்சுக்கு அது சரி.

நியாயத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. ‘இதுல என்னப்பா நியாயம்?’ என்று கேட்டால் காரணம் சொல் என்று பொருள். வடமொழியில் அது விதி, முறை என்ற பொருளுடைய சொல், தர்க்க சாஸ்திரத்துக்கே நியாயம் என்றுதான் பெயர். ஆகவே நியாய விலை என்றால் கணக்குக் காட்டக்கூடிய விலை. தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போகிறது, நான்கு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்துக்கொள்வோம். விவசாயியின் பங்கு 65 ரூபாய், நான்கால் வகுத்தால் இலைக்குக் கிலோ 16 ரூபாய் 25 காசு. கையில் வருவது அதற்குக் கீழே இருந்தால், எந்தப் படியில் குறைந்தது என்று கேட்கலாம். ரேஷன் கடைப் பலகையிலும் நியாய விலைக் கடை என்றே எழுதியிருப்பதால், படிக்கிறவருக்குப் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

வடசொல் வேண்டாம் என்பவர்களின் மறுப்பை நான் மதிக்கிறேன். தூய தமிழில் ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருங்கியது உண்மையில் செம்மை. ‘ஃபேர்’ பழைய ஆங்கிலத்தில் அழகானது, இனிமையானது என்ற பொருளில்தான் இருந்தது. பாரபட்சமற்றது என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டில் வந்தது, வெளுத்த நிறம் என்ற பொருளும் பின்னால் சேர்ந்ததுதான். செம்மைக்கும் அழகு, நிறம், கோணாமை, நடுநிலை எல்லாம் பொருள். நிறத்தை நாம் சிவப்பு என்கிறோம், கோணாத ஆட்சியைச் செங்கோல் என்கிறோம். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் இப்படி ஒரே வழியில் நடந்திருப்பது வியப்பாக இருக்கிறது. ஆனால் ‘செம்மையான விலை’ என்று மையத்தில் எழுதி ஒட்டினால், நல்ல விலை கிடைத்துவிட்டது என்று படிப்பார்கள்.

சில இடங்களில் இந்த நான்குமே கூடாது. டிரேட் ஃபேர் என்பதில் உள்ள ஃபேர் லத்தீனில் திருநாளைக் குறித்த ‘ஃபேரியா’ வழியாக வந்த வேறு சொல், அது சந்தை அல்லது கண்காட்சி. ஃபேர் வெதர் ரோடு என்றால் மழையில்லாத நாளில் மட்டும் வண்டி போகும் மண்சாலை. ஃபேர் காப்பி, திருத்தி எழுதிய படி.

ஃபேர் டிரேட் என்ற வணிகச் சான்று முறையின் பெயரில் மட்டும் என் சாய்வு கொஞ்சம் தளர்கிறது. அதில் குறைந்தபட்ச விலையும் கூடுதல் தொகையும் உண்டு, குழந்தைத் தொழிலாளர் கூடாது என்பது போன்ற நடத்தை விதிகளும் உண்டு. விலையைப் பேசும் இடத்தில் நியாய வணிகம் என்பேன். தேயிலைப் பொட்டலத்தின் மேல் நேர்மை வணிகம் என்று ஒருவர் அச்சிட்டால் அதைத் திருத்தச் சொல்ல மாட்டேன்.