வில்லு செய்யச் சொல்லிக் குடுத்தேன், ரெண்டாவது தடவதான் வில்லாச்சு (5க்கு 3.5)

தக்கலைல இருந்து குலசேகரம் போற வழில ஒரு மரப்பட்டறை, கதவு, ஜன்னல், கட்டில் பண்ற எடம். பேரு போடல, குறையும் சொல்லப் போறேன்ல. அங்க போயி அம்பு விடுற வில்லு ஒண்ணு வேணும், மரமும் மூங்கிலும் ஒட்டிப் பண்ணணும்னு சொன்னேன். மேஸ்திரி அண்ணன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு கேட்ட மொத கேள்வி, "எத்தன மணி கட்டணும்?" வில்லுப்பாட்டுக்குன்னு நெனச்சிட்டாரு. நம்ம மாவட்டத்துல வில்லுன்னா கோயில் கொடைத் திருவிழாவுக்கு குடத்தோட வர்றதுதான, அவரச் சொல்லிக் குத்தமில்ல.

விஷயம் புரிஞ்ச பொறவு ஆளே மாறிட்டாரு. வில்ல இழுக்கும்போது இலக்கப் பாத்து இருக்க முதுகுப் பக்கம் இழுபடும், நம்மளப் பாத்து இருக்க வயித்துப் பக்கம் அமுங்கும், நடுவுல இருக்கதுக்கு பெருசா வேல கெடையாது. இத நான் பேப்பர்ல படம் போட்டு வெளக்கிட்டு இருக்கேன், அவரு பாட்டுக்கு உள்ள போயி ஒரு பழைய பனங்கைய, அதான் கூரைக்குப் போடுற பனஞ்சட்டத்த, தூக்கிட்டு வந்துட்டாரு, ஏதோ ஓட்டு வீடு இடிச்சப்ப வாங்கிப் போட்டதாம். "தேக்குக்கு வைரம், அந்தக் கெட்டி பாகம், உள்ள, பனைக்கும் மூங்கிலுக்கும் வைரம் வெளிய தம்பி. அப்பம் மூங்கில் தோலு அந்தப் பக்கம், பனை வைரம் இந்தப் பக்கம், நடுவுல தேக்கு ஒரு பட்டை, சரிதான?" நான் ஒரு மாசம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டத அவரு ஒரு சாயா குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சொல்லிட்டாரு.

இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் சறுக்குனது எங்கன்னா, அழகு பாக்கப் போயி. மூங்கில் கணுவத் தொடாதீங்க அண்ணான்னு ரெண்டு தடவ சொன்னேன், நான் போறதுக்குள்ள இழைப்புளியப் போட்டு மொழுமொழுன்னு ஆக்கி வச்சிருக்காரு. மூங்கிலோட பலமே தோலுக்கு அடுத்தாப்ல நெருக்கமா ஓடுற நாருலதான், அத வெட்டிட்டா அப்புறம் அது வெறும் பட்டை. ஒட்டுனதும் கட்டிலுக்குப் போடுற வெள்ளைப் பசைல. கட்டிலுக்கு அது போதும், வளைஞ்சு நிமிர்ற சாமானுக்கு நாள்பட இழுபட்டு வழுகும். மூணாம் நாளு பாதிகூட இழுக்கல, டக்குன்னு ஒரு சத்தம், கணு இருந்த எடத்துல விரல் நீளத்துக்கு சிலும்பு எழும்பிட்டு, நுனில ஒட்டு போஸ்ட்கார்டு நுழையிற அளவுக்கு வாயப் பொளந்துட்டு. நல்லவேளை கண்ணுக்கு ஒண்ணும் ஆகல.

இதுக்கு ரெண்டாவது மூங்கிலுக்கும் எங்கிட்டயே காசு வாங்குனாரு பாத்துக்கிடுங்க. ஒன்றரை ஸ்டார் போனது அதுக்குத்தான், ஃபோன் பண்ணா எடுக்காததுக்கும் சேத்து.

ரெண்டாவது வாட்டி நானும் கூடவே உக்காந்தேன். ஒல்லி மூங்கில்னா முதுகு ரொம்ப உருண்டு மொத்த இழுப்பும் நடுக்கோட்டுல வந்து நிக்கும், அதனால பெருத்த மூங்கிலாப் பாத்து பொளந்து, கணு பொடைப்ப அப்படியே விட்டு, உள்பக்கத்த மட்டும் இழைச்சோம். அரால்டைட் பசை ரெண்டு டியூபையும் சமமாக் கலந்து, ஒட்டுற மொகத்த ஆக்ஸா பிளேடால கீறி விட்டு தடவுனோம். கிளாம்ப் போட்டு இறுக்கப் போனாரு, நான் விடல, ரொம்ப இறுக்குனா பசை பூரா வெளிய பிதுங்கிரும். பழைய சைக்கிள் டியூபக் கீறி நாடாவாக்கி ஒரு நுனில இருந்து மறு நுனி வரைக்கும் சுத்துனோம். அது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி அமுக்கும், ஒண்ணு ரெண்டு கிளாம்ப்பால அது முடியாது. நுனி ரெண்டும் முன்னாடி லேசா வளைஞ்சு நிக்கிற மாதிரி கட்டையில கட்டி ஒரு நாள் முழுக்க விட்டாச்சு.

அதுக்கப்புறம் அவரு பண்ணுன வேல இருக்கே, அதுக்குத்தான் இந்த ரிவ்யூவே. கயிறு மாட்டி கொஞ்சம் இழுக்கது, தள்ளி நின்னு வளைவப் பாக்கது, எங்க வெறப்பா நிக்கோ அங்க வயித்துப் பக்கம் ஒடஞ்ச கண்ணாடிச் சில்லால ரெண்டு சொரண்டு, மறுபடி இழுக்கது. பனை பொடியா உதிரல, கருப்பும் வெள்ளையுமா நூலு நூலா வந்துச்சு, கையில சிராய் ஏறி எனக்கு ரெண்டு நாளு வலி. அவருக்கு அளவுகோலே வேண்டாம், ஒத்தக் கண்ண மூடிட்டு "கீழ் கை தூங்குது"ம்பாரு (கைன்னா வில்லோட பாதி), அளந்து பாத்தா கரெக்டா இருக்கும்.

இப்ப வில்லு 66 இஞ்ச். லக்கேஜ் தூக்குற தராசுல மாட்டி 28 இஞ்ச் இழுத்தா 16 கிலோ காட்டுது, அதாவது 35 பவுண்டு. ஆடி மழையும் ஐப்பசி மழையும் தாண்டியாச்சு, ஒட்டு அசையல, வார்னிஷ் மட்டும் ஒரு தடவ திரும்ப அடிச்சேன். மொத்தம் 6500 ஆச்சு.

போறவங்க பசைய நீங்களே வாங்கிட்டுப் போங்க, மூங்கில் இழைக்கிற அன்னிக்கு பக்கத்துலயே நில்லுங்க. இன்னொண்ணு, அம்பு இல்லாம சும்மா இழுத்து விட யாருக்கும் குடுக்காதீங்க, போற வேகம் பூரா வில்லு மேலயே திரும்பி வந்து ஒடஞ்சிரும். பட்டறைல வந்தவன் போனவன் எல்லாம் மொத அதத்தான் பண்ணப் பாக்கான்.