ஏழைகளுக்கு அரசு உதவி: பணமா, பொருளா?

எது நல்லது என்று குழம்புபவர்களுக்கு என் கணக்கு இது.

விலைவாசி ஏறினால்: பணத்தின் மதிப்பு கரையும். பொருளின் அளவு குறையாது.

நிர்வாகச் செலவு: பணம் நேராகக் கணக்கில் ஏறும். பொருளுக்குக் கிடங்கு, லாரி, எடை போட ஆள் எல்லாம் வேண்டும். வழியில் கசிவும் உண்டு.

எதை வாங்குவது என்ற தேர்வு: இதில் பணம் தெளிவாக முந்துகிறது. இந்த மாதம் மருந்தா, பிள்ளைக்கு நோட்டுப்புத்தகமா என்பது வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். 2003-ல் பிரேசில் தொடங்கிய போல்சா ஃபமிலியா என்ற ஏழைகளுக்கான பண உதவித் திட்டம் பெரும்பாலும் பெண்கள் பெயரிலேயே பணம் கொடுத்தது. 'குடித்தே அழித்துவிடுவார்கள்' என்ற பேச்சை ஆய்வுகள் பெரும்பாலும் ஆதரிக்கவில்லை.

சந்தை ஒழுங்காக நடக்கும் இடத்தில் பணம். வெள்ளம், போர் என்று கடைகளே மூடிக் கிடந்தால் பொருள்தான். கைரேகை வைத்துத்தான் வாங்க வேண்டும் என்றால், ரேகை தேய்ந்த முதியவருக்கோ இரண்டுமே கைக்கு வராமல் போகலாம். அவர் வீடு தேடிப் போக ஆள் போட வேண்டும்.