வாசக்கதவு வழியா வந்த குளிர்காத்த நிறுத்தினது: நாலு குளிர்காலத்து அனுபவம்

நாங்க இருக்கிறது கனடால டொராண்டோ பக்கத்துல இருக்கிற மிசிசாகால, 1990கள்ல கட்டின டவுன்ஹவுஸ், 2021ல வாங்கினோம். வாசல் வடமேற்கு பாத்தது, ஜனவரி பிப்ரவரில மைனஸ் 15, மைனஸ் 20 போற நாள்ல காத்து நேரா வந்து கதவுல அடிக்கும். வாங்கின வருஷம் கார்த்திகை தீபத்தன்னிக்கு வெளிய விளக்கு நிக்காதுன்னு கதவ சாத்திட்டு உள்பக்கம் வாசப்படி ஓரமா ரெண்டு அகல் வச்சோம். வலது பக்கத்து விளக்கு ஆடாம எரியுது, இடது பக்கத்து விளக்கோட சுடர் மட்டும் ஹாலப் பாத்து சாஞ்சுக்கிட்டே இருக்கு, ரெண்டு தடவ அணைஞ்சே போச்சு. கதவு பூட்டியிருக்கு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு, அப்புறம் குனிஞ்சு கைய வச்சுப் பாத்தா கீலு இருக்கிற பக்கம் கீழ் மூலைல ஐஸ் மாதிரி காத்து வந்துக்கிட்டு இருக்கு.

அந்த ரெண்டு குளிர்காலமும் (2021-22, 2022-23) நான் பண்ணதெல்லாம் டேப் ஒட்டினதுதான். கடைல கிடைக்கிற ஃபோம் டேப், பின்னாடி கம் இருக்கும், உரிச்சு ஒட்டணும். முதல் தடவ டிசம்பர்ல ஒட்டினேன், நிலை சில்லுன்னு இருந்ததால கம் பிடிக்கவே இல்ல, ஒரு வாரத்துல தொங்கிடுச்சு. அந்த கம்முக்கு சுமார் 10 டிகிரிக்கு மேல வேணும், ஒட்டுற இடத்த ரப்பிங் ஆல்கஹால் போட்டு தொடைச்சு காய விடணும், இது ரெண்டும் அப்ப எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் அக்டோபர்லயே தடிமனான டேப்பா வாங்கி ஒட்டினேன், நல்லா பிடிச்சுது, ஆனா கதவு சாத்தவே கஷ்டமாயிடுச்சு, தோளால தள்ளித்தான் டெட்போல்ட் (கதவுல இருக்கிற பூட்டுத் தாழ்) போடணும், பிப்ரவரி வர்றதுக்குள்ள ஃபோம் அப்பளம் மாதிரி தட்டையா போச்சு. பழைய வேட்டிய நீளமா தச்சு உள்ள மணல் ரொப்பி கதவடில போட்டும் பாத்தோம். ராத்திரிக்கு பரவாயில்ல, ஆனா ஒரு நாளைக்கு இருபது தடவ திறக்குற கதவுக்கு அது சரிப்படாது, அதோட அதுக்குப் பின்னாடி ஈரம் கட்டி வாசப்படில ஐஸ் பிடிச்சுது.

அந்த குளிர்ல அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்க. ஹால்ல தரைல உக்காந்து காய் நறுக்குற பழக்கம் அவங்களுக்கு, அந்த வீட்ல அத விட்டுட்டாங்க, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டு சோபால கால மேல தூக்கி வச்சு உக்காந்திருப்பாங்க. அத தினமும் பாக்க எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இந்தக் கதவ முழுசா சரி பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணது அப்பதான்.

2023 செப்டம்பர்ல, பக்கத்து வீட்ல ரெனவேஷன் வேல பாக்குற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் வந்து பாத்தாரு. டேப்ப பாக்கவே இல்ல, கதவ சாத்திட்டு நாலு பக்க இடுக்கையும் மட்டும் பாத்தாரு. "தம்பி, கதவு சரிஞ்சு போச்சுது. முதல்ல அதை நிமித்துங்கோ, பிறகு ரப்பரைப் பற்றி யோசிக்கலாம்"னு சொன்னாரு. அப்புறம் நானும் உத்துப் பாத்தா மேல் கீலு பக்கம் இடுக்கு பெருசா இருக்கு, பூட்டுப் பக்கம் மேல கதவு நிலைய உரசுது. மேல் கீலோட ஸ்க்ரூ லூஸாகி கதவு பூட்டுப் பக்கமா தொங்கியிருக்கு, அதனால அந்தப் பக்கம் கீழ வாசப்படில உரசியிருக்கு, உரசாம இருக்கணும்னு யாரோ வாசப்படி மேல இருக்கிற மரச்சட்டத்த இறக்கி விட்டிருக்காங்க. விளைவு, கீலு பக்கம் கீழ ஆப்பு மாதிரி ஒரு இடுக்கு. கார்த்திகை விளக்கு சாஞ்சது சரியா அந்த இடத்துலதான்.

இடுக்கு சின்னதுதானேன்னு நினைக்காதீங்க. கதவு அகலம் 36 இஞ்ச், கீழ நெடுக்க எட்டுல ஒரு பங்கு இஞ்ச் இடைவெளி இருந்தாலே நாலரை சதுர இஞ்ச் ஆகுது, செவுத்துல ரெண்டு இஞ்சுக்கு ரெண்டே கால் இஞ்ச் ஓட்ட போட்டு விட்ட மாதிரி. இன்னொண்ணு, அடுப்புக்கு மேல ஹூட் போட்டா அது வீட்டுக் காத்த வெளிய தள்ளுது, அந்த அளவுக்குக் காத்து எங்கிருந்தாவது உள்ள வந்தாகணும். நாங்க தாளிக்கிறப்ப ஹூட் ஃபுல் ஸ்பீடுல ஓடும், அப்ப கதவடில விசில் சத்தமே கேக்கும். ஹூட் ஓடாதப்பவும் சூடான காத்து மேல ஏறி மாடி வழியா கசியும், கீழ் இடுக்கு வழியா குளிர்காத்த இழுக்கும். கால் மட்டும் சில்லிடுறதுக்குக் காரணம் இதுதான்.

வேல ஒரு சனிக்கிழமைல முடிஞ்சுது. மேல் கீலுல இருந்த குட்டை ஸ்க்ரூ ரெண்ட கழட்டிட்டு மூணு இஞ்ச் ஸ்க்ரூ போட்டோம், அது நிலையத் தாண்டி பின்னாடி இருக்கிற கட்டைல போய் பிடிக்கும், இறுக்க இறுக்க கதவு கண்ணு முன்னாடியே மேல ஏறுச்சு. நிஜமா சொல்றேன், மொத்த வேலைல பாதி இந்த ரெண்டு ஸ்க்ரூதான். ரொம்ப முறுக்கினா கீலு பக்கம் இடுக்கு மூடி கதவு கடிக்கும், அதனால அரை அரை சுத்தா முறுக்கி சாத்திச் சாத்திப் பாக்கணும். அப்புறம் வாசப்படி சட்டத்துல நாலு ஸ்க்ரூ இருக்கும், சில வீட்ல பிளாஸ்டிக் மூடிக்குள்ள இருக்கும், அத கழட்டுற திசைல சுத்தினா சட்டம் மேல வரும். ஒரு பேப்பர கதவடில வச்சு சாத்திட்டு இழுங்க, கொஞ்சம் பிடிச்சு வந்தா சரி, வழுக்கிட்டு வந்தா இடுக்கு இருக்கு, வரவே இல்லன்னா ரொம்ப ஏத்திட்டீங்க, ரப்பர் கிழிஞ்சிடும்.

நிலைய சுத்தி ஃபோம் டேப் இல்ல, நிலைல வெட்டியிருக்கிற காடிக்குள்ள அழுத்திச் செருகுற வெதர்ஸ்ட்ரிப் (இடுக்க அடைக்கிற பட்டை) போட்டோம், உள்ள ஃபோம், மேல வழவழன்னு தோல். கம்மே கிடையாது, பழசு இழுத்தா வந்துடும். வாங்கறதுக்கு முன்னாடி பழச ஒரு துண்டு வெட்டி கடைக்கு எடுத்துட்டுப் போங்க, காடி அகலம் வீட்டுக்கு வீடு மாறுது. ரெண்டு கீழ் மூலைலயும் ஆப்பு மாதிரி ஒரு குட்டி பேட் ஒட்டணும், நிலையும் வாசப்படியும் சேர்ற இடத்த ஸ்ட்ரிப் மூடாது. கதவுக்கு அடில ஸ்வீப், அதாவது அடி ஓரத்துல மாட்டுற ரப்பர் பட்டை, புதுசு. எல்லாம் சேத்து எனக்கு எண்பது டாலருக்குள்ள ஆச்சு, அண்ணன் கூலி வாங்க மாட்டேன்னுட்டாரு, வீட்டுக்குக் கூப்பிட்டு சாப்பாடு போட்டோம்.

இப்ப ரெண்டு குளிர்காலம் முழுசா பாத்தாச்சு. ஸ்க்ரூவும் ஸ்ட்ரிப்பும் அப்படியே இருக்கு, ஸ்ட்ரிப் பூட்டுப் பக்கம் லேசா அமுங்கியிருக்கு, அவ்வளவுதான். ஸ்வீப்தான் ஏமாத்தம். ஐஸுக்காக வெளிய போடுற உப்பும் கல்லும் பூட்ஸோட வந்து வாசப்படில சேருது, அதுமேல உரசி உரசி ஓரம் கிழிஞ்சு போய் ஒரு தடவ மாத்திட்டேன், இப்ப வாராவாரம் ஈரத்துணியால வாசப்படிய தொடைக்கிறோம். மூலை பேட் ஒண்ணு பசங்க பூட்ஸ் பட்டு பிஞ்சுது, திரும்ப ஒட்டினேன். ஜூலைல ஈரப்பதத்துல நிலை ஊறி கதவு இறுக்குது, அப்ப சட்டத்த கால் சுத்து இறக்கிட்டு அக்டோபர்ல ஏத்திடுவேன்.

வீட்டச் சூடாக்குற கேஸ் பில் பாதியாயிடும்னு எதிர்பாக்காதீங்க, எங்களுக்குப் பெருசா வித்தியாசம் தெரியல. ஆனா முன்ன ஹீட்டிங்க 22 டிகிரில வச்சும் குளிர்ற ஹால் இப்ப இருபதரைல நல்லா இருக்கு, அம்மா போன வருஷம் வந்தப்ப தரைல உக்காந்துதான் கீரை ஆய்ஞ்சாங்க. மைனஸ் 20ல டெட்போல்ட் மேல இன்னும் பனி பூக்குது, அது காத்து இல்ல, இரும்பு வழியா உள்சூடு வெளிய போறது, அதுக்கு எந்த டேப்பும் உதவாது. பழைய மாடல் ஃபர்னஸோ (வீட்டச் சூடாக்குற அடுப்பு) கேஸ் வாட்டர் ஹீட்டரோ வீட்டுக்குள்ள இருக்கிற காத்த எடுத்து எரியுற வீடா இருந்தா, இப்படி இறுக்க அடைக்கிறதுக்கு முன்னாடி ஆளக் கூப்பிட்டு செக் பண்ணிக்கங்க, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேல செய்யுதான்னும் பாத்துக்கங்க.

இந்த வருஷம் கராஜ்லேருந்து உள்ள வர்ற கதவ எடுத்திருக்கேன். அது வழியா குளிரோட கார் புகையும் வரும், அதனால அங்க இன்னும் கவனமா பண்ணணும், கதவு கைய விட்டா தானா முழுசா சாத்திக்கணும், தடிமனான ஸ்ட்ரிப் போட்டா பாதில நின்னுடுது. ரெண்டு சைஸ் வாங்கிப் பாத்துட்டேன், மெல்லிசா இருக்கிறதுல பேப்பர் மேல் பக்கம் மட்டும் இன்னும் வழுக்கிட்டு வருது.