குறைந்தபட்சத் தண்டனைச் சீர்திருத்தம்: மூன்று வழிகளும் நாங்கள் தெரிந்தெடுத்த வழியும்

போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தக் கோரி மாவட்டத்திலுள்ள பொது அமைப்புகள் சேர்ந்து அனுப்பவிருந்த முன்மொழிவுக்கு, கிளிநொச்சியிலுள்ள எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமும் தன் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததால், நீதிபதி அதற்குக் கீழே இறங்க முடியாத கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையை மற்ற நாடுகள் எப்படித் தளர்த்தின என்பதைப் படித்து ஒப்பிட நேர்ந்தது. வழிகள் மூன்று: எத்தனை கிராமுக்கு எந்தத் தண்டனை என்ற கிராம் எல்லைகளை மாற்றுவது, குறைந்தபட்சத்தை வைத்துக்கொண்டு சிலருக்கு மட்டும் விலக்களிப்பது, குறைந்தபட்சத்தை எடுத்துவிட்டுத் தண்டனையை நீதிபதியிடம் விடுவது. நான் மூன்றாவதை எழுதினேன். சங்கமும் நீண்ட வாக்குவாதத்தின் பின் அதையே ஏற்றது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனும் தூள் எனப்படும் ஹெரோயினும் எங்கள் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்பதை வன்னியில் இருப்பவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்றுள்ள நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராமோ அதற்கு மேலோ சுத்த ஹெரோயின் வைத்திருந்தவருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 5 கிராம் ஐஸுக்கும் அதையே விதித்தது. 1976க்குப் பின் இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால், நடைமுறையில் ஆயுள் தண்டனையே அடித்தட்டாகிவிட்டது. பொதியைச் சுமந்தவனுக்கும் அதற்குச் சொந்தக்காரனுக்கும் இடையில் வேறுபாடு காட்ட நீதிபதி விரும்பினாலும், அதற்குரிய எண் சட்டத்தில் இல்லை. சுத்த அளவு 10 கிராமை எட்டினால் பிணையும் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கையில்தான். வவுனியாவில் பிடிபட்டவனின் குடும்பம் சட்டத்தரணிக்கும் பயணத்துக்கும் எதை விற்பது என்று யோசிக்கத் தொடங்குவது அப்போதுதான்.

கிராம் எல்லைகளை மாற்றும் வழி எளிதானது, அரசியல்வாதிகளுக்கும் பயமற்றது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் 5 கிராம் கிராக் எனப்படும், புகைக்கும் கட்டிக் கொக்கெயினையும் 500 கிராம் தூள் கொக்கெயினையும் ஒரே தட்டில் வைத்து இரண்டுக்கும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் விதித்தது. 2010இல் அந்த 5 கிராமை 28 ஆக உயர்த்தினார்கள். இந்தியா 2001இல் சிறிய அளவு, வணிக அளவு என்று பிரித்து, ஹெரோயினுக்கு 5 கிராம், 250 கிராம் என எல்லை வகுத்தது. 2 கிராம் சுத்த ஹெரோயின் கலந்த 20 கிராம் தூளோடு இராமேஸ்வரத்தில் பிடிபட்டால், கலவை முழுவதையும் நிறுத்தாலும் உச்சம் பத்து ஆண்டுகள், அதற்குக் கீழே நீதிபதி எதையும் தீர்மானிக்கலாம். அதே தூளோடு தலைமன்னாரில் இறங்கினால் ஆயுள். எல்லையை உயர்த்துவது இந்தக் கொடுமையைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையில் 1.9 என்று வருகிறதா 2.1 என்று வருகிறதா என்பதே ஒருவரின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் நிலை, எல்லை எங்கே போனாலும் கூடவே போகும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இரண்டாவது வழியின் ஒரேயொரு அம்சம்: விலக்களிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தியவருக்கு மரண தண்டனை கட்டாயம். 2013இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொதி சுமந்தவர் என்று நிரூபித்தவருக்கு ஒரு விலக்குக் கொடுத்தது. கடத்தலைக் குலைக்கக் கணிசமாக உதவினார் என்று அரச வழக்குத் தொடுநர் சான்றளித்தால், நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். சான்றளிப்பதும் மறுப்பதும் வழக்குத் தொடுநரின் விருப்பம். கெட்ட நோக்கத்தையோ வன்மத்தையோ காட்டினாலன்றி அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. வாதாடும் இரு தரப்பில் ஒரு தரப்பே தீர்ப்பின் பாதியை எழுதுகிறது என்பதுதான் இதன் பொருள்.

அதைவிட மோசமானது, விற்பதற்குத் தகவல் உள்ளவனுக்கே இந்த விலக்கு பயன்படும் என்பது. எங்கள் கூட்டத்தில் பேசிய ஒரு தாயின் மகன், பரந்தன் சந்தியில் கறுப்பு நாடா சுற்றிய பொதியொன்றை வாங்கி வவுனியா பஸ் நிலையத்தில் கொடுக்கப் போய்ப் பிடிபட்டவன். "ஆர் தந்தது எண்டு கேக்கினம். ஆட்டோவில வந்தவன், தொப்பி போட்டவன், அவ்வளவுதான் இவனுக்குத் தெரியும். பேர் தெரிஞ்சாச் சொல்லமாட்டானோ தம்பி?" என்றார் அவர். தாயின் வாக்குமூலத்தை முழுதாக நம்ப வேண்டும் என்றில்லை. ஆனாலும் அடியில் இருப்பவனுக்கு மேலே இருப்பவனைத் தெரியாமல் வைத்திருப்பதே இந்த வியாபாரம் நடக்கும் முறை. ஆகவே கணிசமான உதவி செய்யக்கூடியவன் இடைத்தரகனாகவே இருப்பான், சிறியவன் உள்ளே கிடப்பான். அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டு விலக்கு இதைவிட மேல். தெரிந்ததை உண்மையாகச் சொன்னால் போதும், அது பயன்பட்டதா என்பது முக்கியமில்லை, நீதிபதியே தீர்மானிக்கிறார். ஆனால் முன்குற்றம், ஆயுதம் என்று நிபந்தனைகள் பல. அவற்றின் பொருளைப் பற்றி 2024 வரை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினார்கள்.

மூன்றாவது வழியில் நீதிபதி காரணத்தை எழுதியே தீரவேண்டும். எழுதியதை இரு தரப்பும் மேன்முறையீட்டில் சோதிக்கலாம், தண்டனை போதாது என்றால் சட்டமா அதிபரும் போகலாம். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2016இல் ஓராண்டுக் குறைந்தபட்சமொன்றை நீக்கியபோது, நண்பனோடு போதைப்பொருளைப் பகிர்ந்துகொண்ட, போதைக்கு அடிமையானவனையும் அது கடத்தல்காரனாக்கும் என்று சுட்டியது. 2022இல் நாடாளுமன்றமே போதைப்பொருள் சட்டத்திலிருந்த குறைந்தபட்சங்களை எடுத்துவிட்டது. எங்களுக்கு இது அந்நியமானதும் அல்ல. அநுராதபுரம் மேல் நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு 2008இல் பதிலளித்த, எமது நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம், தண்டனைச் சட்டக்கோவையின் ஒரு பிரிவிலிருந்த கட்டாயக் குறைந்தபட்சம் அரசியலமைப்பின் 4(இ), 11, 12(1) ஆகிய உறுப்புரைகளோடு முரண்படுகிறது என்றும், பொருத்தமான தண்டனையை விதிக்க நீதிபதிக்குத் தடையில்லை என்றும் கூறியது. அது பாலியல் குற்ற வழக்கு, போதைப்பொருள் வழக்கல்ல. ஆயினும் நியாயத்தின் போக்கு ஒன்றுதான்.

இதற்கும் குறையுண்டு. ஒரே குற்றத்துக்கு மன்னாரில் ஒரு தண்டனை, கொழும்பில் இன்னொன்று என்று வரலாம். பணமுள்ளவன் நல்ல சட்டத்தரணியை வைத்து அதிகச் சலுகை பெறலாம். தண்டனை குறைந்தால் வியாபாரம் பெருகுமா என்ற கேள்விக்கு, நீதிமன்ற வளாகத்தில் வெளியே நின்றே பழகிய என்னால் துணிந்து பதில் சொல்ல முடியாது. இவ்வளவு கடுமை இருந்தும் பெருகியிருக்கிறது என்பதை மட்டும் கண்டிருக்கிறேன்.

உச்ச தண்டனையை அப்படியே விட்டு, அடித்தட்டை நீக்கி, எழுத்து மூலக் காரணத்தைக் கட்டாயமாக்கி, வழிகாட்டும் அளவுகளை நீதித்துறையே வெளியிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். ஏற்கனவே ஆயுள் தண்டனை அனுபவிப்பவர்களின் வழக்குகளையும் மீளப் பார்க்க வேண்டும் என்று நான் சேர்த்திருந்த வரிக்குச் சிலர் உடன்படவில்லை. அமெரிக்கா 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பழைய கைதிகளுக்கும் விரிக்க 2018 வரை எடுத்தது என்று காட்டியபின், தண்டனை விதித்த மேல் நீதிமன்றத்திடமே விண்ணப்பிக்கலாம் என்று மாற்றி அந்த வரியை விட்டிருக்கிறோம்.