நம்மூர் வண்டி மாடல்கள்: சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது

அம்பாசிடர், பியட், மாருதி 800 என்று நம் ரோட்டில் ஓடிய வண்டிகளின் சின்ன பொம்மை மாடல்களைப் பல வருஷமாகச் சேர்க்கிறேன். இதில் காசைவிடப் பெரிய தலைவலி அளவுதான்.

மாடலின் அளவு 1:43 என்றால் அசல் வண்டியில் 43-இல் ஒரு பங்கு. சுமார் 4.3 மீட்டர் நீள அம்பாசிடர் 10 செ.மீ. வரவேண்டும், 3.3 மீட்டர் மாருதி 800 எட்டு செ.மீ.க்கும் குறைவு. பொம்மைக் கடையில் கிடைக்கிற புல்-பேக் (பின்னால் இழுத்து விட்டால் ஓடும்) வண்டிகளில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, பெட்டிக்குள் அடங்கினால் சரி. இரண்டையும் 11 செ.மீ.யில் செய்தால் அம்பாசிடர் 1:39, மாருதி 1:30. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மாருதிதான் உயரமாக, அகலமாகத் தெரியும். அதனால் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அதற்காகப் புல்-பேக் வண்டிகளை ஒதுக்கிவிட முடியாது. ஆட்டோவும் அம்பாசிடரும் சாதாரண விலையில் வீட்டுக்கு வந்தது சென்டி டாய்ஸ் மாதிரி பொம்மைக் கம்பெனிகளால்தான். பிளாஸ்டிக் பாடிதான், ஆனாலும் முகத்தைப் பார்த்ததும் இன்ன வண்டி என்று சொல்லிவிடலாம். அசல் அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-லேயே உற்பத்தி நின்றுபோனவை என்பதால் அலமாரியில் இவற்றுக்குத் தனி மரியாதை.

பராமரிப்பில் நான் எதிர்பார்க்காத எதிரி டயர். மிருதுவான டயரில் இருக்கும் எண்ணெய் மாதிரியான பொருள் மெல்லக் கசிந்து, கீழே இருக்கும் பிளாஸ்டிக் பலகையை இளக்கிவிடும். ஒரு மாடலைத் தூக்கினால் வரவில்லை; மெதுவாக அசைத்து எடுத்தபோது பலகையில் நாலு பிசுபிசுப்பான குழி. இப்போது அடியில் சின்னக் கட்டை கொடுத்து, சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்துகிறேன். ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள வெள்ளிப் பூச்சில் ஸ்பிரிட், சானிடைசர் படவே கூடாது, துடைத்தால் கையோடு வந்துவிடும். தூசிக்கு மேக்கப் பிரஷ் போதும்.

பழைய டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) மாடல் வாங்குபவர்கள் அடிப்பக்கப் போட்டோ கேட்டு வாங்குங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளேயே உப்பி வெடிக்கும். பெயின்டில் சின்னக் கொப்புளம், மயிரிழை விரிசல் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு வைத்தியம் இல்லை. 1960-களில் டிங்கி என்ற இங்கிலாந்து பொம்மைக் கம்பெனியின் அச்சுகளை வைத்துக் கல்கத்தாவில் வார்த்த நிக்கி டாய்ஸ் வண்டிகள் எப்போதாவது விற்பனைக்கு வரும். விலை கூடுதல்தான், ஆனால் கையில் எடுத்தால் அந்தக் கனம் பிடித்துவிடும்.

எனக்கு இன்னும் அகப்படாதது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் தயாரான கார். அசல் காரில் நாலு கதவு வகை இந்தியாவில் மட்டுமே வந்தது. பொம்மையில் தேடினால் வருவதெல்லாம் இங்கிலாந்தின் இரண்டு கதவு ட்ரையம்ஃப் ஹெரால்டுதான். அதை வாங்கி வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.