முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா? கல்லூரிக் கூடைப்பந்தில் முதலாண்டு வீரரை எங்கே உட்கார வைப்பது

ஒரே பயிற்சியாளர், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், இரண்டிலும் சாம்பியன் பட்டம். ஆனால் கையில் கிடைத்த திறமையான முதலாண்டுப் பையனை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் டேன் ஹர்லி இரண்டு முறையும் வெவ்வேறு பதில் சொன்னார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நவம்பர் பிறந்தாலே ரசிகர்களுக்குள் தொடங்கிவிடும் சண்டை இது. அதை அலச இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2022-23 சீசனில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு டானவன் கிளிங்கன் வந்து சேர்ந்தார். அதே மாநிலத்துப் பையன், உயரம் ஏழடி இரண்டங்குலம். அவர் களத்தில் நின்றால் கூடைக்குப் பக்கத்தில் வரவே எதிரணிக்குத் தயக்கம் வரும். அவரைத்தான் ஹர்லி பெஞ்சில் வைத்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக 13 நிமிடம் மட்டும் கொடுத்தார். காரணம், அந்த இடத்தில் அடாமா சனோகோ இருந்தார். மாலி நாட்டிலிருந்து வந்த மூன்றாமாண்டு மாணவர், அணியில் அதிகப் புள்ளி எடுப்பவர். அந்த ஆண்டு இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே போனது.

அடுத்த சீசனில் ஸ்டெஃபான் காசிள் வந்தார். அதற்குள் ஜோர்டன் ஹாக்கின்ஸும் ஆண்ட்ரே ஜாக்சனும் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குக் கிளம்பிவிட்டதால் வெளிவட்டத்தில் இடம் காலி. காசிள் பெரும்பாலான ஆட்டங்களில் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கினார். ஆனால் அந்த ஐந்து பேரில் புள்ளிக் கணக்கில் அவர்தான் ஐந்தாவது, சராசரி 11 சொச்சம். வெளிவட்டத்தில் பந்தை நடத்திச் செல்லும் எதிரணியின் கெட்டிக்கார கார்டைக் கட்டிப்போடுவதுதான் அவருக்குக் கொடுத்திருந்த முதல் வேலை. 2024 ஏப்ரல் இறுதி ஆட்டத்தில் பர்டூவை 75-60 என்று தோற்கடித்த அணியில் காசிள், கிளிங்கன் இரண்டு பேருமே தொடக்க ஐவரில் இருந்தார்கள். அந்த ஜூன் மாதம், என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் காசிள் 4-வதாகவும் கிளிங்கன் 7-வதாகவும் எடுக்கப்பட்டார்கள்.

சரி, இதில் எது சரியான வழி? இரண்டுமே. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் காலியாக இருந்தால் சின்னப் பையனையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இலை போட்டு உட்கார்ந்துவிட்ட மாமாவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் பையனை உட்கார வைத்தால்தான் வீடு இரண்டாகும். கூடைப்பந்தில் பையனின் திறமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். எழுந்திருக்க வேண்டிய மாமாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் கணக்கில் அந்த மாமாதான் பாதி விடை.

இந்தக் கேள்வியே ஒரு காலத்தில் கிடையாது. 1972 வரை முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடவே, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இடம் கொடுக்கவில்லை. அவர்களுக்கென்று தனி அணி இருந்தது. அந்த விதியின் அபத்தம் 1965 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் வெளிப்பட்டது. யு.சி.எல்.ஏ.வின் முதலாண்டு அணி, தொடர்ந்து இரண்டு ஆண்டு தேசிய சாம்பியனாக இருந்த தன் சொந்தக் கல்லூரியின் பிரதான அணியையே 75-60 என்று அடித்துப் போட்டது. 31 புள்ளி, 21 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்த அந்த முதலாண்டு மாணவரின் பெயர் லூ அல்சின்டர். பின்னாளில் கரீம் அப்துல் ஜபார். நாட்டின் சிறந்த அணி அந்த ஆண்டு தன் சிறந்த வீரரைச் சட்டப்படி பார்வையாளராக உட்கார வைத்திருந்தது.

விதி போன பிறகும் பழக்கம் போகவில்லை. நார்த் கரோலினாவின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் 1981-இல் மைக்கேல் ஜோர்டனைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். ஆனால் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அட்டைப் படத்துக்கு அந்த ஐந்து பேரையும் கேட்டபோது, முதலாண்டுப் பையன் படத்தில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மற்ற நான்கு பேரும் ஸ்மித்தும் மட்டும் இருக்கும் படம்தான் வெளிவந்தது. இடம் உண்டு, போட்டோ கிடையாது. அடுத்த மார்ச்சில் ஜார்ஜ்டவுனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 63-62 என்று வென்று கொடுத்த கூடையைப் போட்டது அந்தப் பையன்தான். ஸ்மித் செய்ததைக் கிண்டல் செய்வார்கள். எனக்கென்னவோ அது கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது. ஆட்டத்தில் பையனுக்கு உரியதைக் கொடுத்தார். அட்டைப் படத்தில் சீனியர்களுக்கு உரியதைக் கொடுத்தார்.

முதல் நாளிலிருந்தே இறக்கு என்பவர்களின் பெரிய ஆயுதம் 2003. சிராக்யூஸில் கார்மெலோ ஆன்டனி ஆட்டத்துக்கு 22 புள்ளி, 10 ரீபவுண்ட் என்று ஒரே சீசன் ஆடினார். கான்சஸுக்கு எதிரான இறுதியில் 20 புள்ளி, 10 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்) எடுத்தார். பட்டம் வென்றதும் என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார். அப்படி ஒருவர் கிடைத்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தன் பையன் அடுத்த கார்மெலோவாகத் தெரிகிறான்.

மறுபக்கம் 2014 கென்டக்கி. தொடக்க ஐவருமே முதலாண்டு. இறுதி ஆட்டம் வரை போனார்கள், அது சாதாரணம் அல்ல. அங்கே ஷபாஸ் நேப்பியர் என்ற நான்காமாண்டு கார்டு நடத்திய கனெக்டிகட்டிடம் 60-54 என்று தோற்றார்கள். ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்டான ஃப்ரீ த்ரோவில் கென்டக்கி 24-இல் 13 மட்டுமே போட்டது. கனெக்டிகட் எடுத்த பத்தையும் போட்டது. ஆறு புள்ளியில் போன ஆட்டம். ஃப்ரீ த்ரோ தவறுவதற்கு வயது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படித்தான் தோன்றியது. 2025 அரையிறுதியில் டியூக் இன்னும் பரிதாபம். கூப்பர் ஃபிளாக், கான் நூப்பல், கமான் மலுவாச் என்று மூன்று முதலாண்டு வீரர்கள் தொடக்க ஐவரில். கடைசி நிமிடத்தில் 6 புள்ளி முன்னிலை. அனுபவசாலிகள் நிறைந்த ஹூஸ்டன் அதைத் திருப்பி 70-67 என்று வென்றது.

2016-இலிருந்து 2025 வரை ஒன்பது முறை ஆண்கள் பட்டம் வழங்கப்பட்டது (2020-இல் கொரோனாவால் போட்டியே இல்லை). அந்த ஒன்பது அணிகளில் ஒன்றில்கூட அதிகப் புள்ளி எடுத்தவர் முதலாண்டு மாணவர் அல்ல. அதற்கு முன் கடைசியாக அப்படி வென்றது 2015-இல் ஜலீல் ஒகாஃபோரின் டியூக். அங்கேயும் பாருங்கள்: விஸ்கான்சினுக்கு எதிரான இறுதியில் ஒகாஃபோர் ஃபவுல் சிக்கலில் மாட்டினார், இரண்டாம் பாதியில் டியூக் 9 புள்ளி பின்தங்கியது. அப்போது எழுந்து வந்தவர், ஆட்டத்துக்கு 4 சொச்சம் புள்ளியே சராசரி வைத்திருந்த இன்னொரு முதலாண்டுப் பையன் கிரேசன் ஆலன். அன்று அவருக்கு 16 புள்ளி. 68-63 என்று பட்டம் வந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவனும் முதலாண்டு, காப்பாற்றியவனும் முதலாண்டு.

ஃபவுல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெஞ்சுக்கு ஆதரவான வாதத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், ஐந்து ஃபவுலில் வெளியே. முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் பெரும்பாலான பயிற்சியாளர்கள் பாதி முடியும் வரை உட்கார வைத்துவிடுவார்கள். பள்ளியில் எல்லோரையும்விட உயரமாக, வேகமாக இருந்த பையனுக்குக் கையை நீட்டித் தட்டும் பழக்கம் போகாது. நடுவர் எவ்வளவு கண்டிப்பு என்று தெரியாமல் முதல் மூன்று நிமிடத்தில் இரண்டு ஃபவுல் வாங்குவான். பெஞ்சில் இருப்பவனோ அந்த மூன்று நிமிடம் விசில் எதற்கெல்லாம் ஊதப்படுகிறது என்று பார்த்துவிட்டு வருகிறான். பாதி தொடங்கும்போது 20 நிமிடம் காட்டும் கடிகாரம் 16-க்குக் கீழே போனதும் வரும் முதல் நிறுத்தத்தில் தொலைக்காட்சி இடைவேளை; பெஞ்சிலிருந்து முதலில் வரும் ஆறாவது ஆள் அநேகமாக அப்போது இறங்கிவிடுவார். ஆக, பெஞ்ச் என்று நாம் அலறுவது பல நேரம் நான்கு நிமிட விஷயம்.

மார்வின் வில்லியம்ஸ் இதற்கு உயிருள்ள சாட்சி. 2004-05 நார்த் கரோலினாவில் முதலாண்டு மாணவரான அவர் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. ஜவாத் வில்லியம்ஸ், ஜாக்கி மானுவல் என்று நான்காமாண்டுக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். கல்லூரி மோசமாக ஆடிய காலத்தில் அடி வாங்கி நின்றவர்கள் அவர்கள். அவர்களை எழுப்பப் பயிற்சியாளர் ராய் வில்லியம்ஸ் முயலவில்லை. மார்வின் சுமார் 22 நிமிடம் ஆடி 11 புள்ளி எடுத்தார். இலினாய்க்கு எதிரான இறுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் சமநிலையை உடைத்த கூடையும் அவர் தட்டிவிட்டதுதான். பட்டம் வந்தது. டிராஃப்டில் 2-வது இடம், கிறிஸ் பாலுக்கும் முன்னால்.

இதற்கு நேர் எதிர் 2012 கென்டக்கி. ஆன்டனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், மார்க்விஸ் டீக் என்று மூன்று முதலாண்டு வீரர்கள் தொடக்கத்தில். முந்தைய ஆண்டு தொடக்க ஐவரில் இருந்த, கென்டக்கி மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த டேரியஸ் மில்லர் தன் நான்காம் ஆண்டில் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வந்தார். மாமா தானாகவே எழுந்து இடம் விட்ட பந்தி அது. நிமிடங்கள் குறைந்தன, முகம் சுருங்கவில்லை. டேவிஸோ இறுதி ஆட்டத்தில் பத்து ஷாட்டில் ஒன்றைத்தான் போட்டார்; 16 ரீபவுண்டும் 6 பிளாக்கும் (எதிரணியின் ஷாட்டைத் தடுப்பது) எடுத்து சிறந்த வீரர் விருதை வாங்கிக்கொண்டு போனார்.

2005-ஐயும் 2012-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. யார் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கெட்டுப்போகாமல் இருப்பாரோ அவரை உட்கார வைத்தார்கள். ஓரிடத்தில் அது பையன், இன்னோரிடத்தில் சீனியர்.

பையனின் வீட்டார் பக்கத்தில் ஒரு நியாயமான புகார் உண்டு. பெஞ்ச் திறமையை மறைக்கும். டெவின் புக்கர் 2014-15 கென்டக்கியில் ஓர் ஆட்டம்கூடத் தொடங்கவில்லை. பயிற்சியாளர் ஜான் கலிபாரி பத்துப் பேரை இரண்டு ஐந்தாகப் பிரித்து மாற்றி மாற்றி இறக்கிய அணி அது. 38 ஆட்டம் தொடர்ந்து வென்று அரையிறுதியில் விஸ்கான்சினிடம் தோற்றது. புக்கர் டிராஃப்டில் 13-வது. இரண்டே ஆண்டில், இருபது வயதில், பாஸ்டனுக்கு எதிராக என்.பி.ஏ. ஆட்டமொன்றில் 70 புள்ளி அடித்தார். யு.சி.எல்.ஏ.வில் 37 ஆட்டத்தில் ஒன்றை மட்டும் தொடங்கிய ஸாக் லவீனும் முந்தைய ஆண்டு அதே 13-வதுதான். இந்த இரண்டு பேரும் தொடக்க ஐவரில் ஆடியிருந்தால் இன்னும் மேலே போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். டிராஃப்டில் ஒவ்வொரு இடம் இறங்கும்போதும் முதல் ஒப்பந்தச் சம்பளமும் இறங்கும். பயிற்சியாளருக்குச் சரியான முடிவு பையனுக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மூன்றாவது வழி ரெட்ஷர்ட்: ஓர் ஆண்டு முழுக்கப் பயிற்சி மட்டும், ஆட்டமே இல்லை, ஆனால் ஆடுவதற்கான நான்கு ஆண்டு உரிமை அப்படியே இருக்கும். வில்லனோவாவில் மிக்கல் பிரிட்ஜஸ் இப்படித்தான் தொடங்கி இரண்டு பட்டம் வென்றார். வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹன்டர் முதல் ஆண்டு முழுக்க உட்கார்ந்தார், இரண்டாம் ஆண்டு பெஞ்சிலிருந்து வந்தார், மூன்றாம் ஆண்டு 2019 இறுதியில் 27 புள்ளி அடித்துப் பட்டம் வாங்கித் தந்தார். டிராஃப்டில் 4-வது, நேராக இறங்கிய காசிளின் அதே எண்.

ஆனால் ஹன்டரின் பொறுமையைப் புகழும்போது அன்றைய விதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது வேறு கல்லூரிக்கு மாறினால் பொதுவாக ஓர் ஆண்டு ஆட முடியாது. எங்கே போனாலும் உட்கார வேண்டும் என்றால் இருக்கிற இடத்திலேயே உட்காரலாமே! 2021-இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025-இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. நவம்பரில் பெஞ்சில் வைத்த பையன் சீசன் முடிந்ததும், கல்லூரி மாற விரும்புபவர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிடுவான். இடம் இழந்த மாமாவும் அப்படித்தான். டேரியஸ் மில்லர் இன்று எழுந்தால் அடுத்த ஊர்க் கல்யாணத்துக்கே போய்விடலாம்.

பெண்கள் ஆட்டத்தில் சவுத் கரோலினாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி இன்னும் பழைய முறையை விடவில்லை. 2024 இறுதியில் கெய்ட்லின் கிளார்க்கின் அயோவாவை 87-75 என்று வென்று 38-0 என முடித்தபோது, பெஞ்சிலிருந்து வந்து 19 புள்ளி அடித்தவர் முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன். அடுத்த ஆண்டு ஜாய்ஸ் எட்வர்ட்ஸ் பெரும்பாலும் பெஞ்சிலிருந்தே வந்து அணியின் அதிகப் புள்ளி எடுப்பவரானார். இறுதியில் எதிரே நின்றது கனெக்டிகட். அங்கே சாரா ஸ்ட்ராங் என்ற முதலாண்டு மாணவி தொடக்க ஐவரில், 24 புள்ளி, 15 ரீபவுண்ட். 82-59 என்று ஸ்டேலியின் அணி நொறுங்கியது. அதே வசந்தத்தில், முதலாண்டிலிருந்து இரண்டு சீசன் ஸ்டேலியின் பெஞ்சிலிருந்து வந்து ரசிகர்களை எழுந்து நிற்க வைத்த மிலேசியா ஃபுல்வைலி போர்ட்டலில் பெயர் கொடுத்து எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மாறிவிட்டார். அதே கான்ஃபரன்ஸில் (கல்லூரிகள் சேர்ந்த லீக்), ஒவ்வொரு ஆண்டும் சவுத் கரோலினாவை எதிர்த்து ஆட வேண்டிய அணி.