கொம்புச்சா ஜாடியில் வெள்ளைப் படலம்: கொட்டுவதா, வழிப்பதா, காத்திருப்பதா?

பெங்களூரில் குளிர் தொடங்கினால், வீட்டில் கொம்புச்சா (சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம்) போடும் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும்: "அக்கா, ஜாடியில மேல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு. கொட்டிடட்டுமா?" கொட்டலாம், வழித்துவிட்டுத் தொடரலாம், காத்திருந்து பார்க்கலாம். மூன்றையும் செய்பவர்கள் இருக்கிறார்கள். என் ஓட்டு முதலில் காத்திருப்பதற்கு.

ஏனென்றால் நம்மைப் பயமுறுத்துபவற்றில் பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை. பழுப்பு நூல்களாகத் தொங்குவது ஈஸ்ட். ஸ்கோபி, அதாவது தேநீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்த தடித்த ஏடு, அடியில் மூழ்கினாலும், ஓட்டை விழுந்திருந்தாலும் பரவாயில்லை. அதிகம் குழப்புவது புதிதாகப் பிடிக்கும் ஸ்கோபி ஏடுதான். முதலில் அது வெள்ளைத் திட்டுத் திட்டாகத்தான் வரும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஏடு ஈரமாக, வழவழவென்று மின்னும். பூசணமோ உலர்ந்து, மயிர் மயிராக, மேற்பரப்புக்கு மேலே வட்டம் வட்டமாக நிற்கும். பச்சை, நீலம், கறுப்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். வெறும் வெள்ளை என்றால் ஜாடியை ஆட்டாமல், ருசி பார்க்காமல் இரண்டு நாள் விடுங்கள். ஏடு ஒன்றாகச் சேர்ந்து தடிக்கும். பூசணம் மயிர் வளர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பூசணம் என்று தெரிந்துவிட்டால் வழிக்கும் யோசனையே கூடாது. அதன் இழைகள் ஸ்கோபிக்குள் இறங்கியிருக்கும். சில பூசணங்களின் நச்சு திரவத்திலும் கலந்திருக்கலாம். ஸ்கோபியைக் குழாயில் கழுவினால் அது போகாது. திரவம், ஸ்கோபி, மூடிய துணி எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, ஜாடியை நன்றாகத் தேய்த்துச் சுடுநீரில் கழுவுங்கள். இதற்காகவே இன்னொரு ஜாடியில் மாற்று ஸ்கோபி வைத்திருப்பது நல்லது.

சுருக்கம் விழுந்த மெல்லிய, மாவு போன்ற படலம் வேறு வகை. அது காம் ஈஸ்ட். நச்சு இல்லை, ருசியைத்தான் கெடுக்கும். சிலர் வழித்துவிட்டுத் தொடர்கிறார்கள். அது திரும்பத் திரும்ப வரும் என்பதால் நான் கொட்டிவிடவே சொல்வேன்.

சரி, வராமல் தடுக்க? புளிப்புதான் காவல். தொடக்கத்திலேயே பிஹெச் (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு, முந்தைய முறை புளித்ததில் எடுத்துவைத்த பழைய கொம்புச்சா 100 மில்லி போதும் என்பார்கள். இங்கே டிசம்பர், ஜனவரியில் 200 மில்லி ஊற்றுங்கள். பழையது போதாவிட்டால் வெள்ளை வினிகர் சேர்க்கலாம். அது புளிப்பைத் தரும், உயிருள்ள நுண்ணுயிர்களைத் தராது. அதனால் பழைய கொம்புச்சாவுக்குத்தான் முதலிடம்.

கொம்புச்சாவுக்குப் பிடித்தது 24 முதல் 29 டிகிரி. இட்லி மாவு பொங்காத வாரத்தில் இதுவும் மந்தமாகி, புளிப்பு ஏறுவதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். ஃபிரிட்ஜுக்கு மேல் இளஞ்சூடாக இருந்தால் அங்கே வையுங்கள். பழக்கூடை பக்கம் வேண்டாம். மூடுவதற்குப் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். இழை விலகிய துணி வழியே பழ ஈ நுழைந்து முட்டையிடும். புழு தெரிந்தால் அப்புறம் அந்த ஜாடியையும் கொட்ட வேண்டியதுதான்.